பழைய வலை, ரப்பர் மிச்சம், கதம்பைத் தூள்: கோக் அடுப்புக்குள் எது போகலாம்?

குளச்சல் வாசகர் | 04.02.2024, காலை

ஜப்பானில் வீட்டுப் பிளாஸ்டிக் குப்பையை நிலக்கரியோடு சேர்த்துக் கோக் அடுப்பில், அதாவது நிலக்கரியைச் சுட்டு இரும்பு உலைக்கான கோக் எடுக்கும் அடுப்பில், போடுகிறார்கள் என்று படித்தேன். நம்ம மாவட்டத்தில் சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாத் துறைமுகத்திலும் கிழிந்த வலை குவிந்து கிடக்கிறது. கயிறு ஆலைகளுக்குப் பின்னால் கதம்பைத் தூள் (தேங்காய் மட்டைத் தூள்), ரப்பர் யூனிட்டுகளில் வெட்டு மிச்சம், அறுவை மில்லில் மரத்தூள். எல்லாம் கார்பன்தானே? அரைத்து ஐந்து, பத்து சதவீதம் கலந்தால் நிலக்கரி இறக்குமதியும் குறையும், கடற்கரையும் சுத்தமாகும். என்ன தடை? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

தக்கலை | 04.02.2024, இரவு

ஐந்து, பத்து எல்லாம் நடக்காது தம்பி. நிப்பான் ஸ்டீல் 2000-ல் நகோயாவிலும் கிமிட்சுவிலும் தொடங்கியபோது வைத்த அளவு நிலக்கரி எடையில் சுமார் ஒரு சதவீதம். ஏன் ஒன்று என்பது புரிந்தால் மற்றது தானாக விளங்கும்.

கோக் ஆகிற நிலக்கரி 350 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். உள்ளே எழும் வாயுவில் ஆப்ப மாவு மாதிரி நுரைத்து உப்பும். 500-ஐ ஒட்டி இறுகி அரைக்கோக் ஆகிவிடும். துகளோடு துகள் ஒட்டுவது இந்த 150 டிகிரிக்குள் மட்டும்தான். அதில் ஒட்டாமல் போனதை அப்புறம் 1,000 டிகிரி வரை சுட்டாலும் ஒட்ட வைக்க முடியாது. ஆகவே எந்தக் கழிவு வந்தாலும் முதல் கேள்வி, அது அந்த இளகும் கட்டத்தில் நிலக்கரியை என்ன செய்கிறது. இரண்டாவது கேள்வி, அது விட்டுப்போகும் சாம்பலில் என்ன இருக்கிறது. கார்பன் எவ்வளவு என்பது இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

மரத்தூள், கதம்பைத் தூள் போன்றவற்றில் ஆக்சிஜன் மிகுதி. நிலக்கரி இளகுவதற்கு முன்பே இவை சிதைந்து கரியாகிவிடும். நுண்துளை நிறைந்த அந்தக் கரி, பக்கத்தில் இளகி வரும் பொருளை உறிஞ்சிக்கொள்ளும். இளக்கம் சட்டென்று விழும். கோக் பொடிப்பொடியாக வரும்.

பிளாஸ்டிக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. ஸ்பெயின் ஒவியேதோவில் உள்ள நிலக்கரி ஆய்வு நிறுவனத்தார் இதை வகை வகையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பாலிஸ்டைரீனும் பெட்டும் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) இளக்கத்தைக் கடுமையாக வெட்டும். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் குறைவாகத்தான் பாதிக்கும்.

தக்கலை | 05.02.2024

இறக்குமதி குறையும் என்ற கணக்கைத் தனியாகப் பார்க்கணும். ஜப்பான் அனுபவத்தில் கோக் அடுப்பில் போன பிளாஸ்டிக் ஏறத்தாழ 40 சதவீதம் தார், லேசான எண்ணெயாகவும், 40 சதவீதம் வாயுவாகவும், 20 சதவீதம் கோக்காகவும் பிரிகிறது. ஒரு டன் கலவையில் 10 கிலோ பிளாஸ்டிக் என்றால் அதிலிருந்து கோக் 2 கிலோ. அதே இடத்தில் 10 கிலோ நிலக்கரி இருந்தால் ஏழு கிலோவுக்கு மேல் கோக் வந்திருக்கும். கோக் கணக்கில் நஷ்டம்தான். லாபம் வாயுவிலும் எண்ணெயிலும். அந்த வாயுவை எடுத்து எரிக்க ஆலைக்குள் வழி இருக்கிற இடத்துக்குத்தான் இந்த முறை பொருந்தும்.

ஆரல்வாய்மொழி | 05.02.2024

சார், நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் பிளாஸ்டிக்கைக் கலந்து ஒட்ட வைத்துக் கோக் எடுக்க முடியாதா? முப்பந்தலில் இறக்கிப் போட்ட காற்றாலை இறக்கைகளும் கிடக்கின்றன, அவை?

தக்கலை | 06.02.2024

பழுப்பு நிலக்கரி இளகாது. சூடேற்றினால் இருந்தபடியே சுருங்கிக் கரியாகும். பிளாஸ்டிக் 500 டிகிரிக்குள் எண்ணெயும் வாயுவுமாகப் பறந்துவிடுவதால் பசையாக நின்று பிடிக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது.

காற்றாலை இறக்கையில் பெரும்பங்கு கண்ணாடி இழை. கோக்குக்குள் போனால் அது அத்தனையும் சாம்பல். சிமெண்ட் சூளையில் அதே கண்ணாடியின் சிலிக்காவும் சுண்ணாம்பும் கிளிங்கரில் சேர்ந்துவிடும், பிசின் எரிபொருளாகும். அதற்குத் தகுந்த இடம் சிமெண்ட் சூளை.

குளச்சல் வாசகர் | 06.02.2024

அப்போ வலை பாலிஎத்திலீன்தானே அண்ணே? அது போகலாம்தானே?

தக்கலை | 07.02.2024

இழுவலை பெரும்பாலும் பாலிஎத்திலீன் நூல். தங்கூசி வலை நைலான். இரண்டையும் ஒரே குவியலில் போடுகிற வழக்கம்தான் முதல் சிக்கல்.

நைலான்-6 எடையில் 12 சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன். அடுப்பில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் வாயுவோடு வரும். கழிவுநீர் சுத்திகரிப்புக்குச் சயனைடு கூடுதல் சுமை. அதோடு நைலானை உருக்கி மறுபடி நூலாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். விலை போகிற சரக்கை அடுப்பில் தள்ளுவது வீண்.

பிரிக்கும் வேலையை இந்த வரிசையில் செய்யணும்.

முதலில் ஈயக்குண்டு, மிதவை, கம்பிக் கயிறு எல்லாவற்றையும் கையால் அறுத்தெடுங்கள். ஈயம் ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது. கோக் போய்ச் சேரும் ஊதுலையில் (தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் உலை) அது இரும்புக்கு அடியில் இறங்கிச் செங்கல் இடுக்குகளில் புகுந்துவிடும். அடுத்து வலையை அரை மீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். முழு வலையை ஷ்ரெடரில் விட்டால் தண்டில் சுற்றி, பேரிங் பக்கம் உருகி இறுகிவிடும். வெட்டிய பிறகு 30, 40 மில்லிமீட்டர் துண்டுகளாக ஷ்ரெட் செய்து நல்ல தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கிளறுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். நைலானின் அடர்த்தி 1.14, தாழும். பெட், பிவிசி, மணல் எல்லாம் தாழும். மேலே மிதப்பதை வாருகிறபோது தெர்மகோல் துண்டுகளைத் தனியே பொறுக்கிவிடணும், அது பாலிஸ்டைரீன்.

ஷ்ரெட் செய்யாமல் தொட்டியில் போட்டால் முடிச்சுக்குள் இருக்கும் மணல் பாலிஎத்திலீனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தாழ்ந்துவிடும். மணவாளக்குறிச்சி பக்கத்து மணல் என்றால் இன்னும் கவனம். இல்மனைட், சிர்க்கான், மோனசைட் கலந்த கனமான மணல் அது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்த அடிமண்டியை வயலிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது.

தண்ணீரை அடிக்கடி மாற்றணும். கடல் உப்பின் சோடியம் கோக்கில் தங்கும், குளோரின் வாயுவோடு போய்க் குழாயை அரிக்கும்.

மார்த்தாண்டம் | 08.02.2024

பிவிசி கொஞ்சம் தப்பி உள்ளே போனால் என்ன ஆகும்? டையாக்சின் பயம் சொல்கிறார்களே.

தக்கலை | 08.02.2024

தார், எண்ணெய், வாயு எனப் பக்கப்பொருள் பிடிக்கும் கோக் அடுப்பு காற்றில்லாமல் மூடி வைத்துச் சுடுவது. எரிப்பு உலையில் டையாக்சின் உருவாகும் சூழல் அங்கே இல்லை. குளோரினின் பெரும்பகுதி ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறி, மேல்குழாயில் தெளிக்கும் அம்மோனியா நீரில் கரைந்து அம்மோனியம் குளோரைடு ஆகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கலவையில் பிளாஸ்டிக் 1 சதவீதம், அதில் பிவிசி 5 சதவீதம், பிவிசியில் குளோரின் 57 சதவீதம். ஒரு டன் நிலக்கரிக்குக் குளோரின் சுமார் 285 கிராம். அதைக் கட்ட அம்மோனியா 136 கிராம் போதும். நிலக்கரியிலிருந்தே டன்னுக்கு இரண்டு, மூன்று கிலோ அம்மோனியா வருகிறது. கட்டுவதற்குப் பஞ்சமில்லை.

ஆனால் கட்டுப்பட்ட அந்த அம்மோனியாவை நீராவியால் விரட்ட முடியாது. வடிகலத்தில் காஸ்டிக் சோடா ஊற்றணும், டன்னுக்கு ஏறக்குறைய 320 கிராம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் நிலக்கரி சுடும் பேட்டரியில் (வரிசையாக அமைந்த அடுப்புத் தொகுதி) அது 320 டன். பிவிசியைப் பொறுக்காமல் விட்டதற்கான செலவு இப்படித்தான் வந்து நிற்கும்.

இதுவரை சொன்னது பக்கப்பொருள் பிடிக்கும் ஆலைக்கு. நம் நாட்டில் பல இடங்களில் இருக்கும் வெப்பம் மட்டும் மீட்கும் அடுப்பில் அம்மோனியா நீரே கிடையாது. எழும் வாயு அடுப்பின் கூரைக்கடியிலேயே காற்றோடு எரிந்து, புகையின் சூடு பாய்லருக்குப் போகும். குளோரினும் அதே வழியில் போய்ப் பாய்லர் குழாயைத் தின்னும். எரிப்பு நடப்பதால் டையாக்சின் கேள்வியும் அங்கே உயிரோடு இருக்கிறது. எண்ணெயும் மிஞ்சாது. அந்த அடுப்பில் பிளாஸ்டிக்கைச் சேர்க்க நான் ஒப்பமாட்டேன்.

மார்த்தாண்டம் | 09.02.2024

ரப்பர் பற்றி யாரும் பேசவில்லையே. இது ரப்பர் மாவட்டம்.

தக்கலை | 10.02.2024

ஒட்டுப்பால் கழிவே இல்லை, அதற்குச் சந்தை இருக்கிறது. பேச வேண்டியது கந்தகம் சேர்த்து வேகவைத்த சரக்கின் மிச்சம்: கையுறை, ரப்பர் பேண்ட், டயர்.

டயர் ரப்பரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கார்பன் பிளாக். அது இளகாத நுண்துகள். கந்தகம் ஒன்றரை, இரண்டு சதவீதம். துத்தநாக ஆக்சைடும் அதே ஒன்றிரண்டு சதவீதம். உள்ளே எஃகுக் கம்பி. கம்பியைக் காந்தத்தால் எடுக்கலாம். துத்தநாகத்தை எடுக்க வழியில்லை. அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அடுப்பில் ஒரு பங்கு போனாலும், கோக்கில் மிஞ்சியது ஊதுலைக்குள் கீழே ஆவியாகி, மேலே குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி இறங்கி, சுற்றிச் சுற்றிச் சுவரில் கட்டியாகப் பிடிக்கும். கந்தகத்தைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

மலிவான ரப்பர் சரக்கில் எடைக்காகக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பது உண்டு. கால்சியம் கோக்கின் வினைத்திறனை ஏற்றிவிடும். எரித்துப் பார்த்துச் சாம்பல் அதிகமாக நின்றால் அந்த லாட்டை ஒதுக்குங்கள்.

டயருக்கு 2022-லிருந்து உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாகத்தான் போகணும்.

தக்கலை | 11.02.2024

வினைத்திறன் என்றேன், விளக்கவில்லை. ஊதுலைக்குள் கோக் மூன்று வேலை செய்கிறது: சூடு கொடுக்கிறது, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வாயுவைத் தருகிறது, மேலே உள்ள பாரத்தைத் தாங்கி வாயு ஏற வழிவிடுகிறது. மூன்றாவதற்கு மாற்றே இல்லை. கார்பன் டை ஆக்சைடு கோக்கைச் சீக்கிரம் அரித்தால் அது நொறுங்கி வழி அடைபடும்.

சோதனை இப்படி. 20 மில்லிமீட்டர் அளவுள்ள கோக் 200 கிராம், 1,100 டிகிரியில், இரண்டு மணி நேரம் கார்பன் டை ஆக்சைடு ஓட்டம். குறைந்த எடையின் சதவீதம் சிஆர்ஐ. மிஞ்சியதை உருளையில் போட்டு 600 சுற்று சுற்றி, 10 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பது சிஎஸ்ஆர். பெரிய ஊதுலைக்குச் சிஆர்ஐ 25-க்குக் கீழும் சிஎஸ்ஆர் 60, 65-க்கு மேலும் கேட்பார்கள். பொட்டாசியம், சோடியம், கால்சியம், இரும்பு எல்லாம் அந்த அரிப்பை முடுக்கிவிடுபவை.

கதம்பைத் தூள் தோற்பது இங்கேதான். பொட்டாசியம் நிறைய, உப்பங்கழியில் ஊறவைத்த கதம்பை என்றால் சோடியமும் குளோரினும் கூட. ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும், லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது. அதைத் தண்ணீரில் அலசி உப்பை இறக்கித் தோட்டக்கலைக்குக் கட்டியாக அமுக்கி விற்பதே மேல்.

குழித்துறை | 12.02.2024

சிரட்டைக் கரி? கொல்லுப்பட்டறையில் காலங்காலமாக அதைத்தானே ஊதுகிறோம்.

தக்கலை | 12.02.2024

மரத்தூளைவிட எவ்வளவோ மேல். ஏற்கெனவே கரியாக்கியது என்பதால் ஆக்சிஜனில் பெரும்பகுதி போய்விட்டது, சாம்பலும் குறைவு. ஆனால் அந்தச் சாம்பலில் பொட்டாசியம் முதன்மை. இரண்டு சதவீதத்துக்குள் வைத்துப் பார்க்கலாம். அரைக்கும்போது மாவாக்கிவிடாதீர்கள், சில மில்லிமீட்டர் குருணையாக இருக்கட்டும்.

குழித்துறை | 13.02.2024

முன்பு கோயம்புத்தூர் ஃபவுண்டரிக் கோக் பற்றி இங்கே பேசியபோது கோக் தூளைச் சேர்த்தால் மாவாக அரைக்கணும், பருக்கையாக விட்டால் கோக் வெடிக்கும் என்றீர்கள். இப்போது கரியைக் குருணையாக விடச் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சரி?

தக்கலை | 13.02.2024, இரவு

நல்ல கேள்வி. இரண்டும் சரி, காரணம் வேறு.

கோக் தூள் சுருங்கி முடிந்த கெட்டிப் பொருள். அதைச் சுற்றியுள்ள நிலக்கரி 500-லிருந்து 1,000 டிகிரி வரை சுருங்குகிறது. நடுவில் பருக்கை இருந்தால் அதைச் சுற்றி விரிசல் விழும். அரை மில்லிமீட்டருக்கும் கீழே அரைத்துச் சில சதவீதம் சேர்த்தால் அதே தூள் மொத்தச் சுருக்கத்தைக் குறைத்துப் பெரிய துண்டுகளாக வரவைக்கும். குப்போலாவுக்கு (ஃபவுண்டரியில் இரும்பு உருக்கும் உலை) 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டு வேண்டும் என்பதால் ஃபவுண்டரிக் கோக்கில் இது பழைய வழக்கம்.

சிரட்டைக் கரியில் பயம் அதன் பரப்பளவு. மாவாக்கினால் இளகிய பொருளை அதிகம் உறிஞ்சும், பொட்டாசியமும் கோக் முழுக்கப் பரவும். குருணையாக இருந்தால் கெடுதல் அந்தக் குருணையோடு நிற்கும். அதற்கும் விலை உண்டு: குருணை இருக்கும் இடத்தில் கோக் பலவீனம், எம்40 (உருளையில் சுற்றிய பிறகு 40 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் கோக்கின் சதவீதம்) கொஞ்சம் இறங்கும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை வாங்குகிற உலையைப் பார்த்து முடிவு செய்யணும். ஆனாலும் சிரட்டைக் கரிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகள் தரும் விலையைக் கோக் ஆலை தராது.

ரப்பர் மரத் தூளுக்கு ஒரு சிறு சேதி. பதப்படுத்திய பலகையின் சீவலில் போராக்ஸும் போரிக் அமிலமும் இருக்கும். போரான் கோக்கின் வினைத்திறனைக் குறைக்கும் தன்மை உடையது. இதை மட்டும் நம்பி மரத்தூளைச் சேர்க்க முடியாது. ஆய்வு செய்கிற மாணவர் யாராவது இருந்தால் எடுத்துப் பார்க்கத் தகுந்தது.

ஆரல்வாய்மொழி | 15.02.2024

கழுவிப் பிரித்த வலைத் துண்டை, நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டில் அப்படியே கொட்டலாமா?

தக்கலை | 15.02.2024

கூடாது. பஞ்சு மாதிரி இருக்கும் துண்டின் அடர்த்தி கனமீட்டருக்கு 50 கிலோ என்று வையுங்கள். 10 கிலோ என்றால் 200 லிட்டர் இடம். ஒரு டன் நிலக்கரியே 1,330 லிட்டர்தான் பிடிக்கும். நிலக்கரித் துகள்கள் அந்த அளவுக்கு விலகி நின்றால் ஒட்டுவது எப்படி? ஹாப்பரில் தொங்கி நிற்கும், பெல்ட் முனையில் காற்றில் பறக்கும். அக்ளோமரேட்டரிலோ பெல்லட் மெஷினிலோ அமுக்கி 400 கிலோ அடர்த்திக்குக் கொண்டுவந்தால் அதே 10 கிலோ 25 லிட்டரில் அடங்கும்.

நிலக்கரியை அடித்துக் கெட்டிப்படுத்திக் கட்டியாக உள்ளே தள்ளும் ஸ்டாம்ப் முறையில் இன்னும் எச்சரிக்கை. ஓரிடத்தில் பிளாஸ்டிக் குவிந்தால் கட்டி அங்கே உடைந்து அடுப்பு வாசலிலேயே சரியும்.

மற்றொரு ஆபத்து சுவர் அழுத்தம். பாலிஎத்திலீன் இளக்கத்தை அதிகம் கெடுக்காது என்று சொன்னேன். ஆனால் உப்பும் அழுத்தத்தை அது ஏற்றக்கூடும். பாலிஸ்டைரீனும் பெட்டும் இளக்கத்தைக் கெடுக்கும், அழுத்தத்தை இறக்கும். சோதனை அடுப்பின் நகரும் சுவரில் 14 கிலோபாஸ்கலை எட்டினாலே அபாயம். உயரமான அடுப்புக்கு வரம்பு இன்னும் கீழே. விசாகப்பட்டினத்தில் இருப்பது 7 மீட்டர் அடுப்பு. சிலிக்காச் செங்கல் சுவர் ஒருமுறை வளைந்தால் பல மாத வேலை. வலை மட்டும் தனியாகப் போவதைவிடக் கலப்புப் பிளாஸ்டிக்கோடு போவது அழுத்தத்துக்கு நல்லது.

தக்கலை | 17.02.2024

ஒன்று விட்டுப்போனது. கோக் ஆலைக்குள்ளேயே விழும் கழிவுக்குத்தான் அடுப்பு முதல் கடமைப்பட்டிருக்கிறது. தார் பிரிக்கும் தொட்டியின் அடியில் படியும் சேறு, நிலக்கரித் தூளும் கனமான தாரும் கலந்தது. அதை நிலக்கரியில் ஒரு சதவீதம் வாக்கில் திருப்பிச் சேர்த்தால் இளக்கத்துக்குக் கெடுதி இல்லை, துகள்கள் நெருங்கி அமரவும் உதவும். நேராகக் கொட்டினால் பெல்ட்டிலும் ரோலரிலும் அப்பிக்கொள்ளும். முதலில் உலர்ந்த நிலக்கரித் தூளோடு பிசைந்து உதிரியாக்கணும். பென்சீனும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் உள்ளதால் மூடிய மிக்சர், கையுறை, மாஸ்க் இல்லாமல் யாரையும் நிறுத்தக் கூடாது. அபாயக் கழிவு விதிகள் 2016-ன் கீழ் வருவதால் கழிவைப் பயன்படுத்துவதற்கான விதி 9 அனுமதியைப் பார்த்துக்கொள்ளணும்.

குளச்சல் வாசகர் | 18.02.2024

அண்ணே, கடைசியாக எங்கள் சங்கத்துக்குச் சொல்ல ஒரு முடிவு வேண்டும். வலையை விசாகப்பட்டினம் அனுப்பலாமா?

தக்கலை | 19.02.2024

நாகர்கோவிலிலிருந்து அது சுமார் 1,500 கிலோமீட்டர். கழுவி அமுக்கிய பெல்லட்டுக்குக்கூட லாரிக் கூலி கட்டாது. சுத்தமாகப் பிரித்த பாலிஎத்திலீனுக்கும் நைலானுக்கும் மறுசுழற்சிக்காரரிடமே நல்ல விலை. பிரிக்க முடியாத கலப்புக்குப் பக்கத்தில் தாழையூத்து மாதிரிச் சிமெண்ட் சூளை இருக்கிறது. கோக் அடுப்பு, அது பக்கத்தில் இருக்கும் ஊர்களின் குப்பைக்குச் சரியான வழி. நம் கடற்கரைக்குத் தேவை நல்ல தண்ணீர்த் தொட்டி, ஷ்ரெடர், ஈயக்குண்டு அறுக்க ஆள், துறைமுகத்திலேயே நைலானுக்கும் பாலிஎத்திலீனுக்கும் தனித்தனிக் கூண்டு. எங்கே அனுப்பினாலும் இந்த நான்கும் வேண்டும்.

மார்த்தாண்டம் | 20.02.2024

ஆய்வுக்காக ஒருவர் மாதிரி கேட்கிறார். எப்படி எடுத்துக் கொடுப்பது, என்னென்ன சோதனை சொல்ல வேண்டும்?

தக்கலை | 20.02.2024

குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை வைத்து மற்றதைத் தள்ளுங்கள். இரண்டு கிலோ வரும் வரை இப்படிக் குறைக்கணும். ஈரம் தெரியவேண்டும் என்பதால் இரட்டைப் பையில் கட்டுங்கள். கழுவியது, கழுவாதது இரண்டும் தனித்தனியாகக் கொடுத்தால் உப்பு எவ்வளவு இறங்கியது என்பது தெரியும்.

ஆய்வகத்தில் வரிசை இது: ஈரம், சாம்பல், கந்தகம், குளோரின், சாம்பலில் பொட்டாசியம், சோடியம், கால்சியம், துத்தநாகம், ஈயம். இதில் தேறினால் இளக்கத்தை அளக்கும் கீஸ்லர் சோதனை. 425 மைக்ரானுக்குக் கீழ் அரைத்த கலவை 5 கிராம், நிமிடத்துக்கு 3 டிகிரி ஏற்றம், நிலக்கரி தனியாகவும் பிறகு 1, 2, 5 சதவீதம் சேர்த்தும். கோக் கலவைக்கு 200 முதல் 1,000 டிடிபிஎம் (கீஸ்லர் கருவி காட்டும் இளக்க அளவு) வரை வசதியான எல்லை. 1,000-ஐ ஒட்டிய நிலக்கரியில் கழிவு தாங்கும். 200-ஐ ஒட்டியதில் அரை சதவீதமும் சிரமம், இளக்கம் குறைந்த உள்நாட்டு நிலக்கரியில் இடம் கம்மி என்பது அதனால்தான். அதன்பிறகே நகரும் சுவருள்ள 250, 300 கிலோ சோதனை அடுப்பு, சிஆர்ஐ, சிஎஸ்ஆர். தன்பாத்தில் சிம்ஃபர் என்ற மத்திய ஆய்வு நிறுவனத்திலும் ராஞ்சியில் செயில் நிறுவனத்தின் ஆய்வு மையத்திலும் கோக் ஆய்வு செய்கிறார்கள். மாதிரியோடு வலை எந்தத் துறைமுகம், நூல் வகை என்ன, மிதந்ததா தாழ்ந்ததா என்று சீட்டில் எழுதிப் பைக்குள்ளே போடுங்கள், வெளியே ஒட்டினால் ஈரத்தில் அழிந்துவிடும்.